துப்பாக்கி முடிச்சூரில், தோட்டா கேளம்பாக்கத்தில்

ஏசுபாதத்தின் வீட்டில் தோட்டா இல்லை என்கிற சங்கதி ஏசுபாதத்துக்குத் தெரிவதற்கு முன்னாலேயே திருநீர்மலைக் குரங்குகளுக்குத் தெரிந்துவிட்டது.

நம்பாதவர்கள் முடிச்சூருக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். வெயில் ஏறினால் அந்தக் கூட்டம் மலையை விட்டு இறங்கி, பைபாஸைத் தாண்டி, வீடுவீடாக ஒரு சுற்றுப் போய்வரும். முருங்கைப் பிஞ்சு, கொய்யா, மாடியில் காயும் வடகம், ஒரு தடவை ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டு என்று எதையும் விட்டதில்லை. ஏசுபாதம் வீட்டு மாமரத்தை மட்டும் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். உள்ளே ஒற்றைக்குழல் துப்பாக்கி இருக்கிறது என்கிற மரியாதை. இந்த வருஷம் கத்திரி தொடங்கிய அன்றே மொத்தக் கூட்டமும் மதில் ஏறிக் குதித்து மரத்தில் பந்தி போட்டுவிட்டது. ஏசுபாதம் அலமாரியைத் திறந்து, துப்பாக்கியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார். கிழட்டுக் கடுவன் குரங்கு ஒன்று அவரைப் பார்த்தது, துப்பாக்கியைப் பார்த்தது, கொட்டையை அவர் காலடியில் துப்பிவிட்டு அடுத்த காய்க்குக் கையை நீட்டியது.

"இன்னாண்ணா, பயம் வுட்டுப்போச்சா அதுங்களுக்கு?" பக்கத்து வீட்டு ஆட்டோ தயாளன் மதில்மேல் தாடையை வைத்துக்கொண்டு கேட்டான்.

"அதுங்களுக்கும் வயசாச்சுப்பா. கண்ணு தெரியல போல."

"கண்ணெல்லாம் நல்லாத்தான் கீது. உன் மூஞ்சப் பாத்துச்சு, துப்பாக்கியப் பாத்துச்சு, அப்பால சிரிச்சிச்சு. நான் பாத்துகினுதானே கீறேன்."

"குரங்கு சிரிக்குமாடா?"

"அக்கா இருந்தப்ப சிரிச்சிச்சா? இல்லல்ல? அப்போ பயம் துப்பாக்கிக்கு இல்ல நைனா."

ஏசுபாதம் உள்ளே போய்த் துப்பாக்கியைப் பழையபடி வைத்துப் பூட்டினார். அக்கா என்று தயாளன் சொன்னது அவர் மனைவியை. அது மண்டையைக் குடைந்தது.

ராணுவத்திலிருந்து வந்தவர் அவர். அதன்பிறகு தாம்பரத்தில் ஒரு வங்கி வாசலில், சொந்தத் துப்பாக்கியோடு, ஸ்டூல் தேயத் தேயக் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷத்தில் அந்தத் துப்பாக்கி ஒரு தடவைகூட வெடித்ததில்லை. நல்ல துப்பாக்கிக்கு அதுதான் லட்சணம் என்பார். வீடு மனைவி தபீதாள் பேரில் இருந்தது. கேஸ் கனெக்‌ஷன் அவள் பேரில். ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி அவள். அரசாங்கம் ஏசுபாதத்தின் பேரைப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தது துப்பாக்கி லைசென்ஸ் ஒன்றைத்தான்.

தபீதாள் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்து ரிடையர் ஆனவள். புருஷனே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதன்முதலில் லைசென்ஸ் வாங்கப் போனபோது, ஸ்டேஷனில் ஒரு பெரிய மீசைக்காரர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். "துப்பாக்கியைக் காலி பண்ணித்தான் வைக்கணும். அது ஒரு பூட்டுல, தோட்டா வேற பூட்டுல. ரெண்டும் ஒண்ணா இருக்கக் கூடாது. வீட்ல சின்னக் கொழந்தை இருக்கு, பாத்துக்கோங்க." ஏசுபாதம் தலையை ஆட்டிவிட்டு வந்தார். தபீதாள் அதை வாய்ப்பாடு மாதிரி மனசில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் துப்பாக்கி முன்அறை இரும்பு அலமாரியில் இருந்தது. அதன் சாவி அவர் பனியனுக்குள் ஒரு கயிற்றில். தோட்டாக்கள் படுக்கையறையில், சுவரில் பதித்த சின்ன இரும்புப் பெட்டியில் இருந்தன. அதன் சாவி அவள் தாலிச் சங்கிலியில். சிலுவை போட்ட தாலி. அவள் அடுப்பைப் பற்றவைக்கக் குனிந்தால், வாசல் பெருக்கக் குனிந்தால், பிள்ளையைத் தூக்கக் குனிந்தால், தாலியில் சாவி உரசி ஒரு சின்ன 'ணிங்' கேட்கும். வீட்டில் அவள் எந்த மூலையில் இருக்கிறாள் என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

வெள்ளம் வந்த வருஷம் முடிச்சூரே ஏரியாகிக் கிடந்தது இல்லையா? மீட்க வந்த படகில் ஏசுபாதம் துப்பாக்கியைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். தபீதாள் தோட்டாக்களைப் பிளாஸ்டிக் பையில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டு மொட்டைமாடியிலேயே நின்றாள். "ஏறுங்கம்மா" என்று படகுக்காரர் கத்துகிறார். "ரெண்டும் ஒண்ணாப் போகக் கூடாது தம்பி. நான் அடுத்த போட்ல வரேன்" என்றாள். அடுத்த படகு சாயங்காலம்தான் வந்தது. அதுவரைக்கும் மழையில் நின்றாள். மறுகரையில் ஏசுபாதமும் ஒரு பன் கூடச் சாப்பிடாமல் துப்பாக்கியோடு மழையில் நின்றார். வெள்ளமே இவர்கள் பிடிவாதத்தைப் பார்த்துத்தான் வடிந்தது என்று தயாளன் இன்றைக்கும் சொல்வான்.

அந்தத் தபீதாள்தான் போன வருஷம் கேளம்பாக்கத்துக்குப் போனாள். மகள் ஜெரூஷாவுக்குப் பெண் குழந்தை. "மூணே மாசம்" என்று சொல்லிவிட்டுப் போனவள். மூன்று மாசத்தில் ஜெரூஷாவுக்கு லீவு முடிந்தது. அப்புறம் பிள்ளைக்குச் சளி. அப்புறம் பல். அப்புறம் பிள்ளை பாட்டியைத் தவிர வேறு யார் கையிலும் சாப்பிடமாட்டேன் என்றது. இப்போது பிள்ளை நடக்கிறது. தபீதாள் திரும்பவில்லை.

ஏசுபாதமும் ஒரு தடவை அங்கே போய் இருந்து பார்த்தார். பதினாலாவது மாடி. பருந்து அங்கே ஜன்னலுக்குக் கீழேதான் பறக்கும். அதன் முதுகில் ஒட்டியிருந்த தூசியைக்கூடப் பார்த்ததாக அவர் சொல்வார். லைசென்ஸை இந்த விலாசத்துக்கு மாற்றினால் என்ன என்று அவர் வாய்தவறிக் கேட்டதும், குடியிருப்போர் சங்கம் அவசரக் கூட்டம் போட்டு, நீச்சல் குளத்தில் தண்ணீரை இறக்கிவிட்டது. துப்பாக்கிக்கும் நீச்சல் குளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை யாரும் அவருக்கு விளக்கவில்லை.

"அதை ஸ்டேஷன்ல குடுத்துட்டு இங்கயே வந்துடுங்களேன்" என்றாள் தபீதாள்.

"என் பேர்ல இருக்கறது அது ஒண்ணுதான் டீச்சர்."

 அவர் திரும்பி வந்துவிட்டார். வந்த பிறகு, சமைக்கும்போது, சாப்பிடும்போது, ஏர்ஃபோர்ஸ் விமானங்கள் தலைக்கு மேல் வட்டமடித்துவிட்டு அடங்கும்போது, எங்கோ அந்த 'ணிங்' கேட்கிற மாதிரி இருக்கும். ஸ்பூனை டம்ளரில் தட்டிப் பார்த்தார். மணியை வாங்கிக் கட்டிப் பார்த்தார். எதுவும் அது இல்லை.

குரங்குகள் வந்துபோன வாரத்தில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. லைசென்ஸ் புதுப்பிக்கக் கொடுத்திருந்த மனுவுக்காக எஸ்.ஐ. அம்மா நேரில் வந்து, துப்பாக்கியும் தோட்டாவும் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பாராம். வெள்ளிக்கிழமை காலையில்.

ஏசுபாதத்துக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வெளியே சொல்லக் கூடாது. வீட்டை ஒட்டடை அடித்தார். குரங்குகள் விட்டுவைத்த இலைமறைவுக் காய்களைப் பறித்துத் துணியில் சுற்றினார். அதன்பிறகுதான் கேளம்பாக்கத்துக்குப் போன் போட்டார்.

"டீச்சர், வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். நீ சாவியோட வந்தாகணும். நான் கூப்பிடல, கவர்மெண்ட் கூப்பிடுது."

மறுமுனையில் குழந்தை எதையோ தரையில் போட்டு உடைத்தது. 

"என்ன டீச்சர்?"

"சாவி மட்டும் இல்லங்க."

"சாவி மட்டும் இல்லன்னா?"

"தோட்டாவும் இங்கதான் இருக்கு."

ஏசுபாதம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். கடுவன் துப்பிய கொட்டை ஞாபகத்துக்கு வந்தது.

"ஏன் டீச்சர்?"

"நீங்கதானே... ரெண்டும் தனித்தனியா இருக்கணும்னு..."

"தனித்தனின்னா வேற வேற பூட்டுல! வேற வேற ஊர்லயா? லைசென்ஸ்ல என்ன விலாசம் போட்டிருக்கு? என் பேர் போட்ட தோட்டாவை நீ வச்சிருந்தா உன்னைத்தான் முதல்ல பிடிப்பாங்க. யார்கிட்டயும் சொல்லாதே, தொடாதே. நானே வந்து எடுக்கறேன்."

போனை வைத்த பிறகுதான், அவள் சொன்ன காரணம் காரணமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது. வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொல்லுகிற டீச்சர் இல்லை அவள்.

மறுநாள் வியாழக்கிழமை. லைசென்ஸைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாம்பரத்தில் பஸ் பிடித்து, வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய் இறங்கினார். அடுக்குமாடி வாசலில் காவலாளி அவரை போட்டோ எடுத்து, பையைத் திறந்து, மாங்காய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தான்.

"உள்ள போறவங்களத்தான் செக் பண்ணுவீங்களா தம்பி?"

"ஆமா சார்."

"வெளிய போறவங்கள?"

"அவங்கதான் போறாங்களே சார்."

இந்தப் பதிலில் இருந்த ஞானம் ஏசுபாதத்துக்குப் பிடித்துப்போயிற்று.

தோட்டாக்கள் பரண்மேல் ஒரு பால்பவுடர் டின்னில் இருந்தன. டின்னை ஒரு பழைய டிரங்குப் பெட்டியில் வைத்து, பெட்டிக்குப் பூட்டு. பூட்டைச் சுற்றி அவளுடைய பழைய சேலை. ஜெரூஷாவுக்கு இன்னமும் தெரியாது. வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள், காதுகளில் மாட்டியிருந்ததை ஒரு பக்கம் கழற்றி, "அம்மாவை ரெண்டு நாள்ல அனுப்பிடுங்கப்பா, எனக்குத் திங்கக்கிழமை ஆபீஸ்ல ரிலீஸ் இருக்கு" என்றாள். அப்பா அம்மாவை நூலகத்திலிருந்து இரவல் எடுத்துப் போகிற மாதிரி இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் தபீதாள், பக்கத்தில் அவர், அவர் மடியில் பை. பைக்குள் டின். புதுப்பாக்கம் தாண்டி, அனல் காற்றில் அவள் சேலைத் தலைப்பு அவர் முகத்தில் அடித்தது. அவர் விலக்கிக்கொள்ளவில்லை.

"இப்பச் சொல்லு டீச்சர். ஏன் எடுத்துட்டுப் போனே?"

அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"பேங்க்ல யூனிஃபார்மைத் திருப்பிக் குடுத்துட்டு வந்தீங்களே, அன்னிக்கு ராத்திரி துப்பாக்கியத் தொடச்சிக்கிட்டே என்ன சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்?"

"'இனிமே உன்னையும் என்னையும் யாருக்கும் வேணாம்'னு."

"அது துப்பாக்கிகிட்டச் சொன்னது. உனக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"கடைசி பெஞ்சுல முணுமுணுக்கறதே எனக்குக் கேக்கும். பக்கத்து ரூம்ல பேசறது கேக்காதா?" அவள் குரல் இறங்கியது. "அப்புறம் ஜெரூஷா கூப்பிட்டா. போகாம இருக்க முடியல. உங்களைத் தனியா, அதோட, தோட்டாவோட விட்டுட்டுப் போகவும் முடியல. சாவி மட்டும் எடுத்தாப் போதும்னு முதல்ல நெனச்சேன். நீங்க நெனச்சா அந்தப் பெட்டிய ஒடைக்க எவ்ளோ நேரமாகும்? அதான்."

கண்டக்டர் யாரையோ படியிலிருந்து உள்ளே வரச்சொல்லிக் கத்தினார். ஏசுபாதம் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். எப்போதும் தயாராக ஒன்று இருக்கும். இன்றைக்கு மடியிலிருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பேச்சுக்குச் சொன்னது டீச்சர்."

"எனக்கு அது பேச்சு மாதிரி கேக்கல."

"ம்" என்றார். பிறகு, "எனக்கும் இப்ப யோசிச்சா அப்படித்தான் இருக்கு" என்றார். தபீதாள் பையின் மேலிருந்த அவர் கையின் மேல் தன் கையை வைத்தாள். வண்டலூர் வரும்வரை எடுக்கவில்லை. சட்டப்படி அவள் அந்தப் பையைத் தொட்டிருக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் அவள் முதலில் சமையலறைக்குள் போனாள். "இது என்ன அடுப்பா, இல்ல வெல்டிங் பட்டறையா?" என்று கேட்டாள். ஏசுபாதம் படுக்கையறைப் பெட்டியில் தோட்டாக்களை வைத்தார். அவள் சங்கிலியை முன்னால் இழுத்துப் பூட்டினாள். சாயங்காலம் அவர் சங்கரா மீன் வாங்கிவர, அவள் குரங்குக்குத் தப்பிய மாங்காயைப் போட்டுக் குழம்பு வைத்தாள். ஏசுபாதம் முன்அறையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். அவள் குனிந்தாள்: 'ணிங்'. உப்பு ஜாடியை எடுத்தாள்: 'ணிங்'. ஆர்மோனியக் கச்சேரி கேட்கிறவர் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தயாளன் குரல் கொடுத்தான். "அக்கா வந்துடுச்சா? மத்தியானத்துலேர்ந்து ஒரு கொரங்கு இல்ல, அதான் கேட்டேன்!"

வெள்ளிக்கிழமை காலையில் எஸ்.ஐ. சினேகா வந்தார். ஜெரூஷாவை விடச் சின்ன வயசு. மோர் வேண்டாம் என்றார், பிறகு வெயிலைப் பார்த்துவிட்டு வாங்கிக் குடித்தார். இரும்பு அலமாரியைத் திறக்கச் சொல்லி, துப்பாக்கியை மடக்கிக் குழலுக்குள் பார்த்து, எண்ணைச் சரிபார்த்தார். படுக்கையறையில் தபீதாள் சங்கிலியை முன்னால் இழுத்துக் குனிந்து பெட்டியைத் திறந்தாள். எஸ்.ஐ. தோட்டாக்களை எண்ணினார். சரியாக இருந்தது. ஒன்றை மூக்கருகே கொண்டுபோனார்.

"என்ன சார், பால்பவுடர் வாசனை அடிக்குது?"

ஏசுபாதம் யோசிக்கவே இல்லை. "தோட்டாவுக்கு ஊட்டம் வேணும்ல மேடம்."

எஸ்.ஐ. சிரித்துவிட்டார். தபீதாள் புருஷனை முறைத்த முறைப்பில் மூன்றாம் வகுப்பே அடங்கியிருக்கும்.

"எல்லாம் கரெக்டா வச்சிருக்கீங்க. துப்பாக்கி தனி, தோட்டா தனி, ரெண்டுக்கும் பூட்டு. நிறையப் பேர் பீரோவுல துணிக்கு நடுவுல வச்சிருப்பாங்க." எஸ்.ஐ. எழுதிக்கொண்டே கேட்டார். "இந்தச் சாவி எப்பவும் அம்மாகிட்டதானா?"

"எப்பவும் மேடம். கழுத்தை விட்டு எறக்கினதே இல்ல. கேளம்பாக்கத்துல இருக்கறப்பவும்" என்றாள் தபீதாள் பெருமையாக.

பேனா நின்றது. "நீங்க இங்க இல்லையா?"

"பொண்ணு வீட்ல... பேத்தியப் பாத்துக்க..."

"அது சரிப்படாதும்மா. லைசென்ஸ் சார் பேர்ல இருக்கு. துப்பாக்கியும் தோட்டாவும் இந்த விலாசத்துல, சாரோட பொறுப்புல. ரெண்டு சாவியும் அவர்கிட்டதான் இருக்கணும். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா நீங்க கோர்ட்டுக்கு அலையணும். இப்பவே குடுத்துடுங்க, நான் எழுதிக்கறேன்."

தபீதாள் புருஷனைப் பார்த்தாள். பஸ்ஸில் அவள் குரலில் இருந்த பயம் இப்போது கண்ணில் இருந்தது. ஏசுபாதம் அவள் கண்ணைப் பார்த்தே தலையை அசைத்தார். பயப்படாதே என்று அதற்கு அர்த்தம். அவள் சங்கிலியை முன்னால் இழுத்தாள். வளையம் இறுகிப்போயிருந்தது, நகத்தால் முடியவில்லை, ஊக்கால் நெம்பித்தான் வந்தது. சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவள் உடம்புச் சூடு அதில் இருந்தது.

எஸ்.ஐ. போனபிறகு அவள் பாத்திரங்களைக் கழுவினாள். குனிந்தாள். சத்தம் இல்லை. நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். ஏசுபாதம் அறைக்கு வெளியே நின்று கேட்டார். அவள் வீட்டில் இருக்கும்போதே இல்லாத மாதிரி இருந்தது.

"நல்லதாப் போச்சு போங்க" என்றாள் அவள், முதுகைக் காட்டிக்கொண்டே. "இனிமே இதுக்குன்னு நான் வரணும்னு இல்ல. பெரிய பாரம் எறங்கின மாதிரி இருக்கு." குரல் பாரம் இறங்கின குரலாக இல்லை. ஆனால் வார்த்தை அதுதான்.

மதியம் ஜெரூஷா போன் செய்தாள். பிள்ளை சாப்பிடமாட்டேன் என்கிறதாம், ரெண்டு நாள் எல்லாம் முடியாதாம். தபீதாள் பையைக் கட்ட ஆரம்பித்தாள். ஏசுபாதம் மீன்குழம்பைத் தூக்கில் ஊற்றி மூடியைக் கட்டினார். மாங்காய்களை வைத்தார். அவள் முகம் கழுவப் போன சமயம் பையின் பக்கவாட்டிலிருந்த அவளுடைய மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார்.

வெள்ளத்தில்கூட ஒரு விதியை மீறாத மனுஷன். வங்கி வாசலில் உட்கார்ந்திருந்த காலத்தில் மேனேஜரையே அடையாள அட்டை கேட்டவர். அவர் அந்தச் சாவியை மூக்குக் கண்ணாடிக்கு அடியில், துடைக்கிற துணிக்குள் மடித்து வைத்து, கூட்டை மூடினார்.  ராத்திரி வேதம் வாசிக்க அவள் இதைத் திறப்பாள் என்று கணக்கு.

தயாளன் ஆட்டோவில் தாம்பரம் வரை கொண்டுபோய்விட்டான். பஸ் கிளம்பும்போது அவள் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, "அடுப்பைத் தொடச்சு வையுங்க" என்றாள். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து அடுப்பைத் துடைத்தார். மாமரத்தில் கடுவன் வந்து உட்கார்ந்திருந்தது. துப்பாக்கியை எடுக்கவில்லை. "காய் இருக்கு, எடுத்துக்கோ" என்றார். வெளிச்சம் மங்கத் தொடங்கியபோது போன் அடித்தது.

"வந்து சேந்துட்டேங்க."

"ம்."

"குழம்பு சிந்தல."

"ம்."

"கண்ணாடிக் கூட்டுல சாவி இருக்கு."

"அடடே" என்றார் ஏசுபாதம். "அங்க எப்படிப் போச்சு? இந்தக் குரங்குங்க தொல்லை தாங்கல டீச்சர்."

"ஆமாமா. அந்தக் குரங்கைக் கழுத்தை நீட்டின நாள்லேர்ந்து எனக்குத் தெரியும்."

"இது பெரிய குத்தமாச்சே. எஸ்.ஐ. அம்மாவுக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். நீ உடனே கொண்டுவந்து ஒப்படைக்கணும்."

"நாளைக்கு முடியாது, பிள்ளைக்குத் தடுப்பூசி. அடுத்த சனிக்கிழமை வரேன். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போயிட்டு, சாயங்காலம் திரும்பிடுவேன்."

"சாவியைக் குடுத்துட்டுத்தானே?"

"ஞாபகம் இருந்தா."

ஏசுபாதம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எப்பப் பாத்தே? வீட்டுக்குப் போய்த்தானே?"

"இல்ல. மாம்பாக்கம் வர்றப்பவே பாத்துட்டேன்."

மாம்பாக்கம் பாதி வழி. இறங்கி எதிர்ப்பக்கம் நின்றால் தாம்பரம் பஸ் வந்துகொண்டே இருக்கும்.

"அப்பவே எறங்கித் திரும்பி வந்து குடுத்திருக்கலாமே டீச்சர்?"

மறுமுனையில் குழந்தை தூக்கச் சொல்லி அழுதது. அவள் குனிந்திருக்க வேண்டும். 'ணிங்' என்றது.